தகுதியானவர் எவரும் இல்லையாம்!

நம்ம திருவண்ணாமலைத் தோழர் ஒருவர் நேர்காணலுக்குப் போய் வந்தார். பொதுக்கொள்கைத் துறையில் உதவிப் பேராசிரியர் வேலை. முனைவர் பட்டம் இருக்கு, நெட் இருக்கு, அச்சில் வந்த கட்டுரைகள் இருக்கு. உள்ளே கேட்ட முதல் கேள்வி, 'எந்த ஊர்?' சொன்னார். 'ஓ, கிரிவலம்! கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு?' அதையும் சொன்னார். கேட்டவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. அப்புறம் ஆய்வைப் பற்றி ரெண்டே கேள்வி, எட்டே நிமிசம், 'நீங்க போகலாம்'. முடிவு வந்தபோது ஒதுக்கீட்டு இடத்துக்கு நேரே எழுதியிருந்தது: 'தகுதியானவர் எவரும் இல்லை.'

இது ஒருத்தரோட சொந்தச் சோகம் இல்லை தோழர்களே. இந்திய உயர்கல்வி நம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் இது. அதிலும் பொதுக்கொள்கை என்கிற பாடத்தில் இது நடக்கும்போது நாம் சும்மா இருக்க முடியாது. ஏன்?

பொதுக்கொள்கை என்றால் வேறொன்றுமில்லை. அரசு யாருக்கு என்ன செய்யுது, யாருக்குச் செய்யாமல் விடுது, அதை யார் முடிவு பண்றாங்க என்கிற படிப்பு. 1892இல் வெள்ளைக்கார அரசு பஞ்சமி நிலம் கொடுத்தது பொதுக்கொள்கை. அதுக்கு அடிப்படை, செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை. அந்த நிலம் கை மாறிப் போனதும், அதைத் திருப்பிக் கேட்ட ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் 1994 அக்டோபர் 10 துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனதும் பொதுக்கொள்கைதான். நம்ம மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர். அறநிலையத்துறை கையில் உள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சேரி மக்கள் கால் வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போலீசும் அதிகாரிகளும் சூழ நின்ற பிறகு. கோயில் அரசாங்கத்துடையது, வாசல் ஊர்க்காரனுடையது! சட்டப்புத்தகத்தில் உள்ளது தெருவுக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் என்று கேட்பதுதான் இந்தத் துறையின் முதல் பாடமாக இருக்கணும். அந்தத் தெருவில் பிறந்தவரை வெளியே அனுப்பிவிட்டு இந்தப் பாடத்தை யார் நடத்தப் போறாங்க?

இந்த வேலைக்கு முதலில் போனவர்களில் ஒருவர் அண்ணல். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவில் படித்தவர், இலண்டனில் படித்தவர். ஆனாலும் ஆசிரியர் அறையில் அவர் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று கூட வேலை பார்த்த பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் என்ன செய்தார்? அந்த வேலையில் இருந்தபடியே 1919இல் வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழு முன்னால் போய், தீண்டப்படாத மக்களுக்காகச் சாட்சியம் சொன்னார். 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கினார். வகுப்பறையில் ஒரு இடம் கிடைத்தால் அது எங்கெல்லாம் போய் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதைத் தெரிந்துதான் அந்த இடத்தை நமக்கு மறுக்கிறார்கள்.

மறுக்கும் வழிகளைப் பார்ப்போம். முதல் வழி கணக்கு. எஸ்.சி.க்கு 15 சதம் என்றால் ஏழாவது இடம் வரும்போதுதான் ஒரு இடம். எஸ்.டி.க்கு 7.5 சதம், பதினாலாவது இடம். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதம், நாலாவது இடம். முழுப் பல்கலைக்கழகத்தையும் ஒரே அலகாக எடுத்தால் இந்த இடங்கள் வந்துவிடும். துறையை அலகாக எடுத்தால்? பொதுக்கொள்கைத் துறை பல இடங்களில் புதுசு, மூணு நாலு பேர்தான். ஏழாவது இடம் எந்தக் காலத்தில் வரும்? 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம் துறைதான் அலகு என்றது. 2018 மார்ச் 5இல் பல்கலைக்கழக மானியக் குழு அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019 மார்ச் 5இல் நாடு தழுவிய பந்த், ரெண்டே நாளில் அவசரச் சட்டம், ஜூலையில் முழுச் சட்டம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனம்தான் அலகு என்று ஆச்சு. போராடினால் கிடைக்கும் என்பதற்கு இது நம் கைக்கெட்டிய சாட்சி.

ரெண்டாவது வழி விலக்கு. ஐஐஎம்கள் பல ஆண்டுகள் ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்கவே இல்லை. பெங்களூர் ஐஐஎம்மில் பொதுக்கொள்கைக்குத் தனி மையம் உண்டு. அரசு அதிகாரிகள் அங்கே போய்ப் படித்து வருகிறார்கள். நம்மை ஆள வருகிறவருக்குப் பாடம் எடுக்கும் அறையில் நம் ஆள் இல்லாமலே காலம் ஓடியது. 2019 சட்டம் வந்ததும் ஐஐஎம்கள் தங்களுக்கு விலக்குக் கேட்டன. 2020இல் ஐஐடிகளுக்காகப் போட்ட அரசுக் குழுவும் விலக்குத் தரலாம் என்றே எழுதியது. 2023 டிசம்பரில் மானியக் குழு, ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் பொது இடமாக மாற்ற வழி காட்டும் வரைவை வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஜனவரியில் அப்படி எதுவும் இல்லை என்று அரசே மறுத்துப் பின்வாங்கியது.

மூணாவது வழிதான் எட்டு நிமிச வழி. மானியக் குழுவின் 2018 விதிகளைப் படித்துப் பாருங்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கு உங்கள் பட்டம், கட்டுரை, அனுபவம் எல்லாத்துக்கும் போடும் மதிப்பெண் நேர்காணலுக்குக் கூப்பிட மட்டுமே. கூப்பிட்ட பிறகு அந்த மதிப்பெண் செல்லாது. தேர்வு நேர்காணலை மட்டுமே வைத்து. பத்து வருசம் படித்தது அறை வாசலோட முடிந்தது! பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலான பிரிவுகளிலிருந்து யாரேனும் விண்ணப்பித்து, குழுவில் அந்தப் பிரிவினர் இல்லாவிட்டால், துணைவேந்தர் ஒரு பிரதிநிதியை நியமிக்கணும் என்று விதி இருக்கு. ஆனா துணைவேந்தர் கைகாட்டும் ஒருத்தர், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மத்தவங்களை மீறி என்ன பேசிவிடுவார்?

தில்லியை மட்டும் திட்டிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. 69 சதம் என்று மார்தட்டும் மாநிலத்தில்தான் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் நம் பிள்ளைகள் வருசக்கணக்காக மாய்ந்துகொண்டிருக்கிறார்கள். 2019இல் மானியக் குழு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. அதைக் கேட்டே அவர்கள் எத்தனை போராட்டம் நடத்தவேண்டி வந்தது! பேரில் மட்டும் கௌரவம். 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 இடங்களுக்கு அறிவிப்புப் போட்டது, பிறகு தேர்வு தள்ளிப்போனது. காத்திருந்தே வயசு போகிறது.

நமக்குள்ளும் ஒரு கேள்வி. ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடம் அருந்ததியருக்குப் போகிறதா, ஜவ்வாதுமலைப் பழங்குடிப் பெண்ணுக்குப் போகிறதா என்று நாம் கேட்டிருக்கோமா? பொதுக்கொள்கையில் 'பொது' என்றால் யார் என்று அவனைக் கேட்கிற நாம், 'நாம்' என்றால் யார் என்று நம்மையும் கேட்டுக்கணும்.

ஆக நாம் கேட்பது இதுதான். நேர்காணல் மதிப்பெண்ணை ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாகப் போட்டுக் கையெழுத்திடணும், முடிவோடு வெளியிடணும். எழுத்துத் தேர்வுக்கும் ஆய்வுக்கும் இறுதிப் பட்டியலில் எடை இருக்கணும். 'தகுதியானவர் இல்லை' என்று எழுதினால் என்ன குறை, யார் சொன்னது என்று காரணம் எழுதணும். அந்த இடம் அப்படியே ஒதுக்கீட்டு இடமாக அடுத்த அறிவிப்பில் வரணும். ஊர், தெரு, கோயில் கேட்பவன் குழுவிலிருந்து வெளியே போகணும்.

இதை யாரும் கொண்டுவந்து கொடுக்க மாட்டாங்க. மாணவத் தோழர்கள் இப்போதே ஒரு வேலை தொடங்கலாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. உங்கள் பல்கலைக்கழகத்தில் துறைவாரியாக எத்தனை இடம், சுழற்சிப் பதிவேட்டில் எது யாருக்கு, எத்தனை காலி, எத்தனை முறை 'தகுதியானவர் இல்லை' என்று மூடினார்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் நமக்கு அனுப்புங்கள், அச்சிடுவோம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள், மறுத்ததையும் அச்சிடுவோம்.

நம்ம தோழர் அடுத்த நேர்காணலுக்கு மனுப் போட்டுவிட்டார். 'இந்தத் தடவையும் எந்தப் பக்கம் வீடுன்னு கேட்டா?' என்று கேட்டோம். 'கேக்கட்டும். சேரின்னு சத்தமா சொல்லிட்டு, அங்கிருந்தே பாடத்தை ஆரம்பிப்பேன்' என்றார்.