குளவி மீதா குற்றம்?

வீட்டுச் சுவரில் மண்ணால் கூடு கட்டும் குளவியைப் பார்த்திருப்பீர்கள். அது ஆகாய விமானத்தை வீழ்த்துமா? வீழ்த்தும்!

விமானத்தின் முன்பக்கத்தில், வெளியே சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். "பிட்டாட் குழாய்" என்று பெயர். எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அழுத்தும். அந்த அழுத்தத்தைக் கொண்டுதான் வேகமானி வேகத்தைக் காட்டுகிறது. குழாய் அடைபட்டால் வேகமானி பொய் சொல்லும்.

1996 பிப்ரவரி 6-ந் தேதி இரவு. டொமினிக்கன் குடியரசிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு போயிங் விமானம் கிளம்பியது. ஓடுபாதையில் ஓடும்போதே தலைமை விமானியின் வேகமானி வேலை செய்யவில்லை. அவர் அதைக் கண்டார். ஆனாலும் விமானத்தை நிறுத்தவில்லை.

மேலே ஏற ஏற, அந்த வேகமானி அதிக வேகம் காட்டியது. அதை நம்பிய தானியங்கிக் கருவி, விமானத்தின் மூக்கை மேலே தூக்கியது. உண்மையான வேகம் குறைந்தது. விமானம் கடலில் விழுந்தது. அதில் இருந்த 189 பேரும் மாண்டனர்.

குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கக்கூடும் என்று விசாரணையில் கருதப்பட்டது. விமானம் தரையில் நின்ற நாட்களில் குழாய்க்கு மூடி போடவில்லை.

பின்னர் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் விமான நிலையத்தில் மாதிரிக் குழாய்களை வைத்து ஆராய்ந்தார்கள். 39 மாதங்களில் 93 முறை குளவி குழாயை அடைத்தது!

துவாரம் கண்டால் கூடு கட்டுவது குளவியின் குணம். மூடி போடுவது மனிதனின் கடமை. பழுது தெரிந்தால் புறப்படாமல் நிற்பதும் கடமை.

மூடி போடுவது சில்லறை வேலை அல்ல. அது உயிர் காக்கும் வேலை!