சூடு போடாத கன்றுகள்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், உரிமையாளரின் அடையாளச் சூடு போடப்படாத கன்றை ‘மேவரிக்’ என்பர். அப்பெயரைத் தாங்கிய ஒரு பேஸ்பால் குழு, ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் 1973 முதல் 1977 வரை ஐந்தே கோடைகள் வாழ்ந்து மறைந்தது. அதன் கதையை இம்மாதம் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பேஸ்பாலின் ஆட்டவிதிகள் இங்கு நமக்குத் தேவையில்லை. அதன் ஏற்பாட்டை அறிந்தால் போதும். பெருநகரச் சங்கங்கள் சிறு நகரங்களில் இளநிலைக் குழுக்களை நாற்றங்கால் போல் வைத்துள்ளன. ஊதியம் தருவதும் தாய்ச்சங்கமே. ஆட்டக்காரன் தேறியதும் பிடுங்கிக்கொண்டு போவதும் தாய்ச்சங்கமே. உள்ளூர்க் குழு வென்றதா தோற்றதா என்பது அதற்குப் பெரிதன்று.

போர்ட்லண்டில் நெடுங்காலம் ஆடிவந்த பீவர்ஸ் குழு, பார்ப்பார் குறைந்ததால் 1972-க்குப்பின் வேற்றூர் சென்றது. வெறுமையான அரங்கிற்கு வந்தவர் பிங் ரஸ்ஸல். ‘பொனான்ஸா’ தொலைக்காட்சித் தொடரில் துணைக் காவல் அதிகாரியாக நடித்தவர்; இளமையில் தாமும் பேஸ்பால் ஆடியவர். தாய்ச்சங்கம் எதையும் சாராமல் அவர் ஒரு குழுவைத் தொடங்கினார். தகுதி காண் ஆட்டத்திற்கு எவரும் வரலாம் என்று அறிவித்தார். பிற குழுக்கள் கழித்துவிட்டவர், வயது கடந்தவர், வாய்ப்பே பெறாதவர் எனப் பலரும் திரண்டனர். ரஸ்ஸலின் மகன் கர்ட்டும் ஆடினார். பின்னாளில் புகழ்பெற்ற திரைநடிகர் அவர்தாம். 1974-இல் லேனி மாஸ் என்னும் இளம்பெண்ணைப் பொது மேலாளராக அமர்த்தினார் ரஸ்ஸல். ஆடவரே ஆண்ட அத்துறையில் இது மிக அரிய செயல்.

ஜிம் பௌட்டனும் அங்கு வந்து சேர்ந்தார். 1963-இல் நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்காக 21 ஆட்டங்களை வென்ற பந்தெறிவாளர் அவர். உடை மாற்றும் அறையின் இரகசியங்களை 1970-இல் நூலாக வெளியிட்டதால் பேஸ்பால் உலகம் அவரை வெறுத்தது. மேவரிக்ஸ் குழுவில் மீண்டும் பந்தெறிந்த அவர், 1978-இல் தமது 39-ஆம் வயதில் அட்லாண்டாவின் முதல்நிலைக் குழுவுக்காக ஓர் ஆட்டத்தை வென்றார்!

பெற்றோருக்குப் பிடிக்கும் செய்தியும் ஒன்று உண்டு. அக்காலத்தில் ஆட்டக்காரர் பலர் ஓயாது புகையிலை மென்றனர். அதைக் கண்ட ராப் நெல்சன் என்னும் மேவரிக்ஸ் வீரர், மெல்லும் மிட்டாயைப் புகையிலை போலவே நறுக்கிப் பையில் அடைத்தாலென்ன என்று பௌட்டனிடம் கேட்டார். அது ‘பிக் லீக் சூ’ என்ற பெயரில் 1980-இல் கடைக்கு வந்தது. புகையிலை இல்லையாயினும் புகையிலையின் கோலம் சிறுவர் கையில் எதற்கு என்ற ஐயம் நமக்கு உண்டு.

1977-இல் குழு 44 ஆட்டங்களில் வென்று 22-இல் தோற்றது. இறுதிப் போட்டியில்தான் கோப்பையை நழுவவிட்டது. அரங்கு நிரம்பியது. அந்நிறைவே அதற்கு வினையாயிற்று. கூட்டத்தைக் கண்ட பசிபிக் கரையோரச் சங்கம் போர்ட்லண்டை மீண்டும் விரும்பியது. மேல்நிலைச் சங்கம் இழப்பீடு தந்து கீழ்நிலைக் குழுவின் ஊரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. 26,000 டாலர் தருவதாகக் கூறினர். ரஸ்ஸல் 206,000 கேட்டார். நடுவர் மன்றம் கேட்ட தொகையை முழுவதும் அவருக்கு அளித்தது.

பணம் கிடைத்தது, குழு கலைந்தது. 1978-இல் பீவர்ஸ் திரும்பி வந்தது. 1993-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் அது மறுபடியும் ஊரை விட்டுப் போயிற்று.