கேசினோ பணமும் பிள்ளைகளின் மனநலமும்

அமெரிக்கப் பூர்வகுடிகளுக்குச் சூதாட்டம் வாழ்வா, கேடா என்று கேட்பவர்கள் வட கரோலினாவின் செரோக்கி மக்களைப் பார்க்க வேண்டும். பூர்வகுடிகளின் சூதாட்டத்தை முறைப்படுத்தும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1997இல் அங்கே பெரிய கேசினோ வந்தது. லாபத்தில் ஒரு பகுதி ஒவ்வோர் உறுப்பினருக்கும் பங்காகப் போனது. அதே வட்டாரப் பிள்ளைகளின் மனநலத்தை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993 முதலே கவனித்து வந்தது நல்ல தற்செயல். வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனமும் அடங்காமையும் குறைந்தன. பெற்றோரால் அவர்களைக் கூடுதலாகக் கவனிக்க முடிந்ததே முக்கியக் காரணம் என்று 2003இல் எழுதினார்கள். மனச்சோர்வும் பதற்றமும் மட்டும் அசையவில்லை.

ஆனால் அந்தப் பங்கு, யாரோ தோற்ற பணம். தோற்றவர்களில் பூர்வகுடியினரும் உண்டு. சூதாட்ட அடிமைத்தனம் அவர்களிடையே கூடுதல் என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. இன்னொரு பூர்வகுடியான நவஹோ மக்கள் 1994, 1997 வாக்கெடுப்புகளில் கேசினோவை மறுத்தார்கள். 2008இல்தான் முதல் கேசினோவைத் திறந்தார்கள்.

நிலத்தைப் பறிகொடுத்தவர்களிடம் இந்த வருமானத்தையும் விடச் சொல்ல வெளியாருக்கு உரிமை இல்லை. எனினும், லாபத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியலிடும் அந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம், அடிமையானோரின் சிகிச்சையைத் தனியே குறிப்பிடவில்லை. பங்கு பிரிக்கும் முன்பே அதற்கொரு தொகையைப் பழங்குடி மன்றங்கள் ஒதுக்க வேண்டும். குடிப்பழக்கத்தை விசாரிக்கும் மருத்துவர், சூதாட்டத்தையும் கூச்சமின்றி விசாரிக்கட்டும்.