பெட்டியை அப்புறம் வாங்கு. பல்பை முதலில் எண்ணு!

அமெரிக்காவில் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் பல தெருக்கள் இரவிலும் பகல்போல ஜொலிக்கும். கிறிஸ்துமஸ் பண்டிகைக்காக வீட்டுக்கு வீடு விளக்கு அலங்காரம் செய்வார்கள். கூரை விளிம்பில் விளக்கு. ஜன்னலைச் சுற்றி விளக்கு. வாசல் மரத்தில் விளக்கு.

முன்பெல்லாம் இந்த விளக்குகள் சும்மா எரிந்தன. இப்போது பாட்டுக்கு ஏற்ப ஆடுகின்றன! நிறம் மாறுகின்றன, ஓடுகின்றன, ஒளிந்து விளையாடுகின்றன. அவற்றை ஆட்டி வைப்பது ஒரு சிறு பெட்டி. அதன் பெயர் "பிக்சல் கண்ட்ரோலர்".

இந்தப் பெட்டியை வாங்குவதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. கடையில் உள்ளதிலேயே பெரிய பெட்டியை வாங்கிப் பணத்தைக் கரைக்கிறவர்கள் உண்டு. கையில் கிடைத்த மலிவுப் பெட்டியை வாங்கி ஆபத்தை வீட்டுக்குள் கொண்டு வருகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் செய்யத் தவறியது ஒன்றுதான். அவர்கள் பல்பை எண்ணவில்லை.

பல்பை முதலில் எண்ண வேண்டும். பெட்டியைக் கடைசியில் வாங்க வேண்டும். இதுதான் சரியான வழி.

80 பல்பு மரம்

கிறிஸ்துமஸ் மரத்துக்கு முதன்முதலில் மின்சார விளக்கு போட்டவர் எட்வர்டு ஜான்சன். விஞ்ஞானி எடிசனின் கூட்டாளி. 1882-ம் ஆண்டு நியூயார்க் நகரில் தம் வீட்டு மரத்தில் 80 பல்புகளை மாட்டினார். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறங்கள். அந்த மரம் மின்சாரத்தால் சுழலவும் செய்தது!

2004-ம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் கார்சன் வில்லியம்ஸ் என்ற என்ஜினீயர் தம் வீட்டையே பாட்டுக்கு ஆட வைத்தார். அடுத்த ஆண்டு அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. அவர் மாட்டியவை 16 ஆயிரம் பல்புகள். ஆனால் அவற்றை ஆட்டிய சுவிட்சுகள் 88 மட்டுமே. ஒரு சுவிட்சைத் தட்டினால் ஒரு கூட்டம் பல்பு எரியும். ஒரு கூட்டம் அணையும்.

பிக்சல் என்றால் என்ன?

இன்று நிலைமை வேறு. ஒவ்வொரு பல்புக்குள்ளும் கடுகளவு மூளை ஒன்று இருக்கிறது. அது ஒரு சிறு சில்லு. இப்படிப்பட்ட பல்புக்குத்தான் பிக்சல் என்று பெயர். 1,000 பல்பு இருந்தால் 1,000 பல்பும் தனித்தனியே பேச்சுக் கேட்கும்.

ஒரு பிக்சலில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்கள் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மூன்றையும் கலந்தால் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் கிடைக்கும்!

கண்ட்ரோலர் கட்டளைகளை வரிசையாக அனுப்பும். முதல் பல்பு தன் கட்டளையை எடுத்துக்கொண்டு மற்றதை அடுத்த பல்புக்குத் தள்ளிவிடும். பந்தியில் இலைக்கு இலை பரிமாறுவது போலத்தான். நடுவில் ஒரு பல்பு கெட்டுப்போனால் அதற்கு அப்பால் உள்ளவற்றுக்குக் கட்டளை போய்ச் சேராது.

எத்தனை பல்பு தாங்கும்?

கண்ட்ரோலரில் சரத்தை மாட்டுகிற வாய்கள் உண்டு. அவற்றுக்கு "போர்ட்" என்று பெயர். 4 போர்ட், 8 போர்ட், 16 போர்ட், அதற்கும் மேலே என்று பெட்டிகள் விற்கின்றன.

ஒரு போர்ட்டில் எத்தனை பல்பு மாட்டலாம்? வீடுகளில் அதிகம் பயன்படும் டபிள்யூ.எஸ். 2811 வகைப் பிக்சலை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்புக்குக் கட்டளை போய்ச் சேர ஒரு விநாடியில் 10 லட்சத்தில் 30 பங்கு நேரம் ஆகும். விநாடிக்கு 40 காட்சி ஓட வேண்டுமானால் ஒரு போர்ட்டுக்குச் சுமார் 800 பல்புதான் கணக்கு. விநாடிக்கு 20 காட்சி போதுமென்றால் சுமார் 1,600 பல்பு வரை போகலாம்.

கட்டளைக் கணக்கு இது. மின்சாரக் கணக்கு வேறு. அதுதான் முக்கியமான கணக்கு!

5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 60 மில்லி ஆம்பியர் மின்சாரம் குடிக்கும். 100 பல்பு எரிந்தால் 6 ஆம்பியர். ஒரு பல்பு சிறிதுதான். ஆனால் சிறு துளி பெரு வெள்ளம் அல்லவா?

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை வைத்துக்கொள்வோம். கூரை விளிம்புக்கு 200 பல்பு. இரண்டு ஜன்னல்களுக்கு நூறு நூறாக 200. வாசல் கதவுக்கு 100. முற்றத்தில் கம்பி மரம் ஒன்று. அதற்கு 50 பல்பு கொண்ட 16 சரம், ஆக 800. மொத்தம் 1,300 பல்பு.

எல்லாம் முழு வெள்ளையில் எரிந்தால் 78 ஆம்பியர் வேண்டும். 5 வோல்ட்டால் பெருக்கினால் 390 வாட். ஆனால் இருட்டில் முழு வெளிச்சம் தேவையே இல்லை. 30 சதவிகிதம் வைத்தாலே கண் கூசும். அப்போது செலவு 117 வாட்தான்.

இனிப் போர்ட்டுகளை எண்ணலாம். கூரைக்கு ஒன்று. ஒரு ஜன்னலுக்கு ஒன்று. இன்னொரு ஜன்னலும் கதவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. மரத்தை 200 பல்பாகப் பிரித்தால் நான்கு. ஆக மொத்தம் 7 போர்ட். ஒரு 8 போர்ட் பெட்டி போதும். ஒரு போர்ட் கையிருப்பும் உண்டு!

இந்த வீட்டுக்கு 48 போர்ட் பெட்டி எதற்கு? பத்துப் பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவது போலத்தான்.

பியூஸ் இல்லாத பெட்டி

மலிவுப் பெட்டிகளில் சில உண்டு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் பியூஸ் இருக்காது. இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

"5 வோல்ட்தானே! ஷாக் அடிக்காது" என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் ஷாக் அடிக்காதது தீப்பிடிக்காது என்று யார் சொன்னது? மழைநீர் இறங்கியோ, அணில் கடித்தோ இரண்டு கம்பிகள் ஒட்டிக்கொண்டால், பெரிய பவர் சப்ளை தன்னிடம் உள்ள மின்சாரத்தையெல்லாம் அந்த மெல்லிய கம்பிக்குள் கொட்டிவிடும். கம்பி பழுக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான தனி வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை. கம்பி கிடப்பதோ அந்தக் கூரை ஓரத்தில்! உள்ளே குழந்தைகள் தூங்குகிறார்கள்.

போர்ட்டுக்கு ஒரு 5 ஆம்பியர் பியூஸ் இருந்தால் அது முந்திக்கொண்டு உருகிவிடும். வீடு பிழைக்கும். 200 பல்பு 30 சதவிகித வெளிச்சத்தில் 3.6 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் அந்தப் பியூஸ் அநாவசியமாகவும் போகாது.

வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும் வசதி கம்ப்யூட்டர் நிரலிலும் உண்டு. அது நல்லதே. ஆனால் நிரல் தவறலாம், பியூஸ் தவறாது. இரண்டும் வேண்டும்.

நீளமான சரத்தில் கடைசிப் பல்புகள் வெள்ளைக்குப் பதில் சிவந்து தெரிந்தால், மின்சாரம் அங்கே மெலிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பெரிய பெட்டி மருந்தல்ல. சரத்தின் நடுவிலோ கடைசியிலோ தனிக் கம்பியில் மின்சாரம் ஊட்ட வேண்டும். அந்தக் கம்பிக்கும் ஒரு பியூஸ் வேண்டும்.

வயரா? வைபையா?

பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சில பத்து டாலரில் கிடைக்கும் சிறு பெட்டி. வைபை மூலம் வேலை செய்யும். டபிள்யூ.எல்.இ.டி. என்ற இலவச நிரலை அதில் ஏற்றலாம். ஒரு ஜன்னல், ஒரு சிறு மரம், ஒரு வாசல் என்றால் இதுவே தாராளம்.

மற்றொன்று, சில நூறு டாலர் விலையுள்ள பெரிய பெட்டி. பால்கன், கல்ப் போன்ற பெயர்களில் வருகிறது. நெட்ஒர்க் வயரில் இணைக்கலாம். ஆயிரக்கணக்கான பல்புகள் பாட்டோடு பிசகாமல் ஆட வேண்டுமானால் வயரே நம்பிக்கையானது. வைபை திக்கினால் ஆட்டமும் திக்கும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இ1.31 என்பது இந்தப் பெட்டிகள் பலவும் புரிந்துகொள்ளும் பொது மொழி. அந்த மொழி தெரிந்த பெட்டியானால் எக்ஸ்லைட்ஸ் போன்ற இலவச நிரலிலேயே ஆட்டம் அமைக்கலாம். தன் கம்பெனி நிரலுக்கு மட்டுமே தலையாட்டும் பெட்டியை வாங்குவது, ஒரே கடையில் கணக்கு வைத்து மாட்டிக்கொள்வதற்குச் சமம்.

"அடுத்த ஆண்டு பெருகுமே!"

பெரிய பெட்டி வாங்குகிறவர்கள் சொல்லும் சமாதானம் இது. "இந்த ஆண்டு 1,000 பல்பு. அடுத்த ஆண்டு 5,000 ஆகும். அப்போது மறுபடியும் செலவுதானே?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னப் பெட்டி வீணாகாது. அடுத்த ஆண்டு அது முற்றத்து மரத்தைக் கவனிக்கும். புதிய பெட்டி கூரையைக் கவனிக்கும். ஒரே நெட்ஒர்க்கில் பல பெட்டிகள் சேர்ந்து ஆடும். ஒரு பெட்டி கெட்டாலும் வீடு முழுக்க இருண்டுவிடாது. ஒரே பெரிய பெட்டி கெட்டால்? பண்டிகையே இருண்டுவிடும்!

பெட்டியிலிருந்து முதல் பல்பு சில மீட்டருக்குள் இருப்பதே நல்லது. தூரம் கூடினால் கட்டளை மங்கிவிடும். முற்றத்து மரத்துக்கு அருகிலேயே ஒரு சின்னப் பெட்டி இருந்தால் அந்தத் தொல்லையும் தீரும். தூரத்துக்கு அனுப்பத் தனி ரிசீவர் பலகைகளும் உண்டு. ஆனால் ஒரு கம்பெனியின் ரிசீவர் இன்னொரு கம்பெனியின் பெட்டியோடு ஒத்துப்போகும் என்று நம்பி வாங்கக் கூடாது. கேட்டு வாங்க வேண்டும்.

யாரைக் கேட்பது? அதே ஊரில் ஏற்கெனவே விளக்கு போட்டவரைக் கேட்க வேண்டும். அவர் வைத்திருக்கும் பெட்டியையே வாங்குவது புத்திசாலித்தனம். பண்டிகைக்கு முதல் நாள் இரவு ஏதாவது கெட்டால் ஓடிவந்து உதவுகிறவர் அவர்தான். விளம்பரம் ஓடிவராது.

செய்ய வேண்டியவை

பண்டிகை டிசம்பரில் என்றால் வேலை ஜூலையிலேயே தொடங்க வேண்டும். முதலில் வீட்டைப் படமாக வரைய வேண்டும். குழந்தைகளே வரையட்டும். எங்கே எத்தனை பல்பு என்று குறிக்க வேண்டும். ஆம்பியரைக் கூட்ட வேண்டும். போர்ட்டை எண்ண வேண்டும். எல்லாம் முழு வெள்ளையில் எரிந்தாலும் தாங்கும் பவர் சப்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழை புகாத கூடு வாங்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு, பியூஸ் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

விளக்கு அலங்காரம் எதற்காக? பக்கத்து வீட்டுக் குழந்தை வாய் பிளந்து பார்ப்பதற்காக. வேலை முடிந்து வருகிறவர் ஒரு நிமிடம் நின்று சிரிப்பதற்காக. அந்தக் குழந்தை "எத்தனை போர்ட்?" என்று கேட்பதில்லை. 300 பல்பு ஒழுங்காக ஆடினால் போதும், அதற்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் கொடுப்பது கணக்கு. கணக்குப் போட ஒரு காகிதமும் பென்சிலும் போதும்!