கம்பியில்லாச் செய்தியும் நமது சங்கங்களும்

சென்ற மாதம் திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள சங்கமொன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். அங்கத்தினரான நெசவாளர் ஒருவர், நூலுக்குரிய தொகையைக் கைபேசி வழியே செலுத்தினார். அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. சங்கத்துக்கு வந்து சேர்ந்ததாகச் செய்தி இல்லை. காரியதரிசி தயங்கவே, அவர் மறுமுறையும் செலுத்தினார். அந்த இரண்டாம் தொகை அவர் கைக்குத் திரும்ப ஐந்து நாளாயிற்று. வாரக் கூலியில் வாழ்பவருக்கு ஐந்து நாள் என்பது அற்பமன்று.

இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பு 2022 அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அதன் வேகத்தைப் பற்றியே எங்கும் பேச்சு. ஆனால் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் அதற்கு வகுத்த விதிகளில் நாம் அதிகம் கேள்விப்படாதது ஒன்றுண்டு. 32 பைட் அளவுள்ள சிறு செய்திகள் ஒரு லட்சம் அனுப்பினால், 99,999 செய்திகளாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சேர வேண்டும் என்பதே அது.

இதன் கடினம் எங்கே இருக்கிறது? அவசரச் சீட்டை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பி, பதில் வராவிடில் வேறோர் ஆளை அனுப்புவது பழைய முறை. உறுதி கிடைக்கும், காலம் போய்விடும். காத்திருக்க நேரமில்லையெனில், ஒரே சீட்டின் இரு பிரதிகளை இரு வழிகளில் ஒரே சமயத்தில் அனுப்ப வேண்டும். வானொலி அலையிலும் இவ்வாறே செய்கிறார்கள். காலத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, பிரதிகளை வெவ்வேறு அலைவரிசைகளிலும் ஆண்டெனாக்களிலும் அனுப்பி, அவசரச் செய்திக்கென வழியையும் ஒதுக்கி வைக்கிறார்கள். ஆள்கூலி இரட்டிப்பாவதுபோல் அலைவரிசையும் கூடுதலாகச் செலவாகும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இயந்திரக் கையை நிறுத்த இத்தகைய துரிதம் அவசியமாகலாம். நமது நூல் பற்றுக்கும் கரும்புப் பணத்துக்கும் அது வேண்டியதில்லை. மூன்று விநாடி பொறுக்கலாம். செய்தி தொலைந்துபோவதைத்தான் பொறுக்க இயலாது. மேலும், அந்த ஆயிரத்திலொரு பங்குக் கணக்கு கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட வழிக்கு மட்டுமே உரியது. கோபுரத்தில் மின்சாரம் நின்றாலும், வங்கியின் கணிப்பொறி திணறினாலும் அதனால் பயனில்லை. ஆகவே வேக விளம்பரத்தில் மயங்காமல், கோபுரத்துக்கு மாற்று மின்வசதியும், வழி தவறிய பணத்துக்கு உடனடி விடையும் கேட்பதே நமக்கு நியாயமென்று கருதுகிறேன்.

சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு ஸ்தாபனங்கள் சுமார் 220 கோடி ரூபாயில் அமைத்த ஐந்தாம் தலைமுறைச் சோதனைக்களம் 2022 மே 17-ஆம் தேதி திறக்கப்பட்டது. தொழில் ஸ்தாபனங்கள் தம் கருவிகளை அங்கே பரீட்சிக்கலாம். நெசவாளர் சங்கங்களும் கரும்பு விவசாயிகளும் கூடி, தங்கள் குறையை எழுத்து மூலம் அங்கே கொண்டுசெல்லத் தடையென்ன?

அதுவரையில், வங்கிக் கணக்கைச் சரிபார்க்காமல் எந்த அங்கத்தினரிடமும் இரண்டாம் முறை பணம் பெறலாகாதென்று சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றட்டும். அதற்கு ஒரு கோபுரமும் வேண்டியதில்லை.