நாத்தம் வராதாம், சரி. வேறென்ன வரும்?

போன வாரம் பேத்திக்குத் துணி எடுக்கக் காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைப் பையன் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி பனியனை எடுத்துப் போட்டு, "இது நானோ சில்வர் போட்டதுங்க சார். கிருமி அண்டாது, வேர்வை நாத்தம் வராது" என்றான்.

"எவ்வளவு வெள்ளி இருக்குது தம்பி? நாலு தண்ணி போட்டா நிக்குமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்குத்தானுங்க தெரியும்" என்று சிரித்தான்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 100 சதவீதம் பருத்தி என்று இருந்தது. வெள்ளியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பால்குடி மாறாத குழந்தைக்கு வேர்வை நாத்தம் எங்கிருந்து வருகிறது என்பது வேறு கேள்வி. அந்தப் பனியனின் கையை அது நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருக்கும் என்பதுதான் என் கவலை.

நான் ஒரு பிராசசிங் மில் லேபில் முப்பது வருஷம் இருந்தவன். கெமிக்கல் கரைத்த தொட்டியில் துணியை முக்கி, பிழிந்து, ஸ்டென்டரில் ஓட்டிக் காய வைப்பதுதான் ஃபினிஷிங். அப்படி ஏற்றியது எவ்வளவு கெட்டியாகப் பிடித்து நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2008இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நானோ வெள்ளி சாக்ஸுகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில பிராண்டுகளில் நாலே அலசலில் வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. நாம் காசு கொடுத்தது சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை எங்கே போகிறது என்று நொய்யல் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் கட்டுகிறோம், வெள்ளிக் கிண்ணத்தில் பால் புகட்டுகிறோம், அப்போது வராத பயமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு கிராம் வெள்ளியைச் சிறு கட்டியாக வைத்தால் அதன் வெளிப்பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் உருண்டைகளாக ஆக்கினால் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 57 சதுர மீட்டர். அதாவது ஒரு கிராமில் அறுநூறு சதுர அடி வீடு! அத்தனை பரப்பிலிருந்தும் வெள்ளி அயனி கசியும். கிருமியைக் கொல்வதும் அதுதான். அரைஞாண் கொடி செல்லுக்குள் நுழையாது. இந்தத் துகள் நுழையும். உள்ளே போனால் ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகளைக் கிளப்பிவிட்டு டிஎன்ஏ இழையை அறுக்கக்கூடும்.

இது கட்டுக்கதை அல்ல. 2009இல் வேலூர் விஐடி ஆராய்ச்சியாளர்கள் வெங்காய வேர்களை நானோ வெள்ளிக் கரைசலில் வைத்துப் பார்த்தார்கள். அளவு கூடக் கூட செல் பிரிவது குறைந்தது, குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டன, உடைந்தன. அதே வருஷம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மனித நுரையீரல் செல்களில் நானோ வெள்ளியால் டிஎன்ஏ சேதத்தைக் கண்டார்கள். லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம், சன்ஸ்கிரீனில் போடும் நானோ துத்தநாக ஆக்சைடை மனிதத் தோல் செல்களில் சோதித்து அதே மாதிரி சேதத்தைக் காட்டியதும் 2009இல்தான்.

இதெல்லாம் சோதனைக் குழாயில், பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தது. பனியன் போட்டு ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. தீக்காயத்துக்கு வெள்ளி மருந்து போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே லாபம் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் நாத்தத்துக்காக ஏன் இந்தப் பரீட்சை? அதுவும் குழந்தை உடம்பில்?

உணவில் வெள்ளை நிறத்துக்குப் போடும் டைட்டானியம் டை ஆக்சைடின் கதையைப் பாருங்கள். மரபணுச் சேதம் இருக்காது என்று உறுதி சொல்ல முடியாது என்று 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கையை விரித்தது. 2022இல் அங்கே உணவில் தடை வந்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு நிபுணர் குழுவோ கவலைப்பட வேண்டாம் என்றது. பெரியவர்களே இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, வாங்குகிறவனுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவதுதானே மரியாதை?

ஐரோப்பாவில் கிருமிநாசினி ஏற்றிய துணி என்று சொல்லி விற்றால், அதில் நானோ பொருள் இருந்தால் லேபிளில் 'நானோ' என்று போட்டாக வேண்டும். 2013 முதல் சட்டம். இங்கே துணிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. திருப்பூரிலிருந்து கப்பல் ஏறும் பனியனுக்கு ஒரு நீதி, காந்திபுரத்தில் தொங்கும் பனியனுக்கு ஒரு நீதி.

"தொழில் படுத்துவிடும்" என்பார்கள். 1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடுத்தபோதும் இதே புலம்பலைக் கேட்டேன். 1997இல் நம் அரசும் தடை போட்டது. தொழில் படுக்கவில்லை, வளர்ந்தது. தொழிலைப் படுக்க வைத்தது எது? கேட்காமல் விட்ட சாயக்கழிவு. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்க் குட்டையானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் விழிப்பு வந்தது.

நான் கேட்பது மூன்றே மூன்று. நானோ உலோகம் இருந்தால் லேபிளில் எழுதுங்கள். எத்தனை அலசலில் எவ்வளவு போகிறது என்று சோதித்துச் சொல்லுங்கள். மரபணுச் சோதனை முடிவை வெளியிடும்வரை குழந்தைத் துணியில் அதைப் போடாதீர்கள்.

அன்றைக்குச் சாதா வெள்ளைப் பனியன் ஆறு எடுத்து வந்தேன். சுடுதண்ணியில் அலசி மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறது. கிருமியை நம்மூர் வெயில் பார்த்துக்கொள்ளும். அதற்கு லேபிள் தேவையில்லை.