தமிழ் ஊர்ப்பெயர்களும் புள்ளிவிவர அறிக்கைகளும்: எம் மன்றத்தின் நிலைப்பாடு

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருந்துகொண்டு, கணக்கெடுப்புகளையும் மாதிரி ஆய்வுகளையும் கணினியிலிட்டு அட்டவணைகளாகவும் அறிக்கைகளாகவும் ஆக்கித் தரும் தொழிலைச் செய்துவருவோரின் மன்றமாகிய நாங்கள், தமிழ் எழுத்துக்களைக் கையாளுகையில் புள்ளியியல் மென்பொருள்களில் நேரும் கோளாறுகளைப் பற்றி எங்கள் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகச் சொல்லவேண்டியது அவசியம் என்று கருதுகிறோம். அறிக்கையில் தமிழ் சிதைந்து நிற்பதைக் காண்கிறவர்கள், அதைப் பக்கத்தின் அழகைக் கெடுக்கும் ஒரு சிறு குறையாக எண்ணி, அச்சுக்குப் போகும் முன் கையால் திருத்தி அனுப்பிவிடுவது நெடுநாளைய வழக்கமாக இருந்துவருகிறது. அந்த வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. எழுத்து கெட்ட இடத்தில் எண்ணிக்கையும் கெட்டிருக்கக்கூடும் என்று சந்தேகிப்பதே எங்கள் தொழிலுக்கு உரிய முறை. ஆகையால் திருத்தம் தரவு உள்ளே நுழையும் வாயிலிலேயே நடைபெறவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இதற்குச் சாட்சியாக ஸ்ரீரங்கம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 1991-இல் யூனிகோடு முதன்முதலாக வெளியானபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. அந்த அட்டவணையில் ஸகரத்துக்கு உரிய எண் 3000. ஸ்ரீ என்று எழுத விரும்பியவர்கள் அந்த ஸகரத்தோடு புள்ளியையும் ரகரத்தையும் ஈகாரக் குறியையும் வரிசையாகச் சேர்த்து எழுதிவந்தார்கள். 2005-இல் வெளியான 4.1-ஆம் பதிப்பில் ஶ என்னும் கிரந்த எழுத்து 2998 என்ற எண்ணைப் பெற்று வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஸ்ரீயை அந்த எழுத்தைக்கொண்டு தொடங்குவதே பொருத்தம் என்றாயிற்று. ஆனால் பழைய வழக்கம் மறையவில்லை. சில விசைப்பலகைகள் ஒன்றையும் சில மற்றொன்றையும் இடுகின்றன. எழுத்துருக்களிற் பல இரண்டையும் ஒரே வடிவமாகவே வரைந்து காட்டுகின்றன. கண்ணுக்குச் சிறிதும் பேதம் தெரியாத இவ்விரண்டும் கணினிக்கு முற்றிலும் வேறான இரு சொற்கள். தாலுகாவின் பதிவுகளில் ஒரு பகுதி ஒரு விதமாகவும் மறுபகுதி வேறு விதமாகவும் தட்டச்சாகி வந்துவிட்டால், அட்டவணையில் ஸ்ரீரங்கம் இரண்டு வரிகளில் இடம்பெறுகிறது. ஒவ்வொரு வரியிலும் உண்மைத் தொகையின் ஒரு பங்குதான் இருக்கிறது. தாலுகாக்களின் எண்ணிக்கையே ஒன்று கூடிவிடுவதால் சராசரியும் பிழையாகிறது. இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கவேண்டும் என்று யூனிகோடு தர நூலே பரிந்துரைக்கிறது என்றாலும், அதன் இயல்பாக்க முறையாகிய நார்மலைசேஷன் இவ்விரண்டை ஒன்றாக்குவதில்லை. அந்த விதியை அறிக்கை செய்பவரே தம் நிரலில் வெளிப்படையாக எழுதியாகவேண்டும்.

தொட்டியம் என்ற பெயரின் நிலை இதைவிடச் சற்று எளிது. அதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை 3018 என்ற ஒற்றை எண்ணாகவும் எழுதலாம். 3014, 3006 என்ற இரண்டு எண்களாகப் பிரித்தும் எழுதலாம். இந்த பேதத்தை நார்மலைசேஷன் தானாகவே நீக்கிவிடும். அதைச் செய்யும்படி மென்பொருளுக்குச் சொல்ல நாம் மறவாதிருந்தால் போதும்.

வரிசைப்படுத்துதலில் நேரும் பிழையோ மேலும் சூக்ஷ்மமானது. தமிழ் அகராதி மரபின்படி மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரவேண்டுமாதலால் மண்ணச்சநல்லூர் முதலிலும் மணப்பாறை பின்னாலும் நிற்கவேண்டும். லொகேல் என்று வழங்கும் மொழி-வட்டார அமைப்பு எதுவும் குறிப்பிடப்படாமல் வெறும் ‘சி’ லொகேலில் மென்பொருள் ஓடும்போது, அது யூனிகோடு எண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. புள்ளியின் எண் 3021, பகரத்தின் எண் 2986. ஆகவே மணப்பாறை முந்திக்கொள்கிறது. னகரம் பகரத்துக்கு முன்னும், ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னும் வந்துவிடுவதும் இதே காரணத்தால்தான். படிக்கிறவருக்கு இது அசௌகரியம் மட்டுமே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஒரு கணினியில் ஒரு வரிசையாகவும் மற்றொரு கணினியில் வேறு வரிசையாகவும் அமைந்த இரண்டு பட்டியல்களை, பெயர்களை ஒப்பிடாமல் அருகருகே ஒட்டிவிடும் பழக்கம் அலுவலகங்களில் இன்றும் உண்டு. அப்போது மணப்பாறையின் கிணறுகள் மண்ணச்சநல்லூரின் கணக்கில் ஏறிவிடும். அந்தப் பிழையை மொத்தத் தொகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனெனில் மொத்தம் மாறுவதில்லை.

யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய கோப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பாமினி முதலிய எழுத்துருக்களில் எழுதியவை, உண்மையில், தமிழ் உருவம் போர்த்திய ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தற்குறிகளுமே ஆகும். பாமினியில் இகரம் காற்புள்ளியின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. ஸ்ரீரங்கம் தாலுகாவைச் சேர்ந்த இனாம்குளத்தூரை அவ்வெழுத்துருவில் எழுதி, காற்புள்ளியால் பத்திகளைப் பிரிக்கும் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து, மேற்கோள் குறிகளுக்குள் அடைக்காமல் அனுப்பினால், ஊரின் முதலெழுத்தையே மென்பொருள் பத்தியின் முடிவாகக் கொண்டுவிடுகிறது; அந்த வரியிலுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரு பத்தி நகர்ந்து, ஆண்களின் தொகை பெண்களின் பத்தியில் போய் நிற்கிறது. இன்னும் ஒன்று: அதே எழுத்துருவில் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘கே’ மகரத்தையும் பேரெழுத்து ‘கே’ முகரத்தையும் குறிக்கும். பெயர்களை ஒப்பிடுமுன் யாவற்றையும் சிற்றெழுத்தாக மாற்றிவிடுவது ஆங்கிலத் தரவில் நல்ல பழக்கமென்று கற்பிக்கப்படுகிறது. அந்தப் பழக்கத்தை இங்கே பிரயோகித்தால் முசிறி மசிறியாகிவிடுகிறது. ஆகையால் இத்தகைய கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்புநோக்கிய பின்பே கணக்கீட்டுக்கு எடுக்கவேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

யூனிகோடில் எழுதிய கோப்புகளும் வழியில் கெடுவதுண்டு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். அவற்றில் முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252-ஆம் கோட்பேஜாக எண்ணி அத்தகைய கோப்பைத் திறக்கும் மென்பொருள், 174 வருகிற இடமெல்லாம் வட்டமிட்ட பதிவுக்குறியைக் காட்டும். பக்கம் முழுதும் அந்தக் குறி விரவிக் கிடந்தால் தரவு கெடவில்லை, தவறாகப் படிக்கப்படுகிறது என்று அறிந்து, சரியான என்கோடிங்கைச் சொல்லி மீண்டும் திறந்தால் போதும். கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் நிலைமை வேறு: தமிழுக்கு இடமில்லாத ஒரு கோட்பேஜில் யாரோ சேமித்திருக்கிறார்கள், எழுத்துக்கள் அழிந்துபோயின, மீட்க வழி கிடையாது. எக்ஸெலில் சாதாரண சி.எஸ்.வி. என்று சேமிக்கும்போது இதுவே நேர்கிறது, யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வி. என்ற தனி வகை 2016-ஆம் பதிப்பிலிருந்து அதில் இருக்கிறது.

பத்தியின் அகலத்தைப் பைட்டுகளால் அளக்கும் மென்பொருள்களில் மற்றோர் அபாயம் உண்டு. திருச்சிராப்பள்ளி என்பது நமக்கு 9 எழுத்து, யூனிகோடில் 17 குறிகள், யூ.டி.எஃப்-8-இல் 51 பைட்டுகள். ஆங்கிலப் பெயர்களை மனத்திற்கொண்டு 20 பைட் அகலம் ஒதுக்கப்பட்ட பத்தியில், ‘திருச்’ என்பதும் அடுத்த சகரத்தின் உடைந்த துண்டும் மட்டுமே தங்கும். காவிரிக்கரையிலுள்ள திருச்செந்துறையும் அதே 20 பைட்டுகளாகத்தான் வெட்டுப்படும். பெருநகரமும் சிற்றூரும் ஒரே பெயராகி, இரண்டின் தொகைகளும் எச்சரிக்கை எதுவுமின்றிக் கூட்டப்பட்டுவிடும்.

ஆர் மென்பொருளைப் பயன்படுத்துவோர் விண்டோஸில் பட்ட சிரமம் பலருக்கும் நினைவிருக்கும். தமிழைத் தன் பழைய வகைக் கோட்பேஜாக அமைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸில் இருந்ததில்லையாதலால், ஊர்ப்பெயர்கள் அட்டவணையில் கோண அடைப்புக்குறிகளுக்குள் யூனிகோடு எண்களாகவே அச்சாகிவந்தன. 2022 ஏப்ரலில் வெளியான 4.2.0 பதிப்பு, விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளில் யூ.டி.எஃப்-8-ஐயே இயல்பான குறியேற்றமாக ஏற்றுக்கொண்டதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. பழைய பதிப்பைக் கைவிடாமல் இருப்பதற்குச் செலவு ஒரு காரணமல்ல, அது இலவசமான மென்பொருள். ஆகவே உடனே பதிப்பை உயர்த்துமாறு எங்கள் அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். பி.டி.எஃப். படங்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்பது எழுத்துக்களைக் கோத்து வரையும் திறன் இல்லாத வரைகருவியால் நேர்வது. கெய்ரோ, ஸீலேடெக் போன்றவற்றுக்கு மாறினால் தீரும்.

லொகேலைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணமும் பூரணமான உண்மை அல்ல. தமிழ் லொகேலில் ஓடும் நிரல் மாதப் பெயர்களைத் தமிழில் எதிர்பார்ப்பதால், ஆங்கில மாதச் சுருக்கத்தோடு வந்த தேதிகளைப் புரிந்துகொள்ளாமல் விடுபட்ட தரவாகக் கணக்கிட்டுவிடும். 2011-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த ஜில்லாவின் தொகை 27,22,290. லட்சக் காற்புள்ளியோடு எழுதிய அந்தத் தொகையைப் பல மென்பொருள்கள் எண்ணாகவே ஏற்பதில்லை. ஆகையால் கணக்கீட்டுக்குள் தேதி வருஷம்-மாதம்-நாள் என்ற சர்வதேச முறையிலும், எண் காற்புள்ளியின்றியும் இருக்கவேண்டும். தமிழ் மாதப் பெயரும் லட்சக் காற்புள்ளியும் அச்சிடும் வேளையில் சேர்க்கப்படவேண்டும். வரிசைப்படுத்துதலுக்கு மட்டும் தமிழ் முறையைத் தனியே குறிப்பிடவேண்டும்.

இத்தனை உபத்திரவம் எதற்கு, ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே என்று யோசனை சொல்கிறவர்களின் நோக்கத்தை நாங்கள் குறை கூறவில்லை, யோசனையை நிராகரிக்கிறோம். ஆங்கில எழுத்தில் லகர ளகரங்கள் ஒன்றாகின்றன. ஒரே ஊர் நான்கு விதமாக எழுத்துக்கூட்டப்படுகிறது. தன் ஊரைப் பற்றிய அறிக்கையைத் தன் எழுத்தில் வாசிக்கும் உரிமை குடிமகனுக்கு இல்லாமற் போகிறது. டேஸ்-16 என்னும் தமிழ்க் குறியேற்றத்தைப் பரிந்துரைப்போருக்கும் பதில் சொல்லவேண்டும். 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடோடு அதையும் தரமாக ஏற்றது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் அதன் அமைப்பின் ஒழுங்கை மதிக்கிறோம். ஆனால் அது யூனிகோடில் தனியார் உபயோகத்துக்கென்று விடப்பட்ட பகுதியில் அமைந்திருப்பதால், புள்ளியியல் மென்பொருள்கள் அதன் குறிகளை எழுத்தென்றே அறிவதில்லை. ஆகவே தரவுப் பரிமாற்றத்துக்கு யூனிகோடு ஒன்றே போதுமானது என்று கருதுகிறோம்.

இனி எங்கள் அங்கத்தினர் தயாரிக்கும் அறிக்கைகளில், அட்டவணைகளை இணைப்பது ஊர்ப்பெயரைக் கொண்டு நடைபெறாது. கணக்கெடுப்பு ஆணையர் கிராமங்களுக்கும் நகரங்களுக்கும் வழங்கியுள்ள 6 இலக்கக் குறியெண்ணைக் கொண்டே நடைபெறும். பெயர் அச்சிடுவதற்காக மட்டும் உடன்வரும். ஸ்ரீ என்பதற்குப் பழைய பதிவுகளில் மிகுதியாகக் காணப்படும் ஸகர வடிவையே நாங்கள் கைக்கொள்கிறோம். மற்ற வடிவை விரும்புவோர் அதைக் கைக்கொள்ளலாம், எதுவென்பதை அறிக்கையில் சொல்லிவிட்டால் போதும். வந்த கோப்பை வந்தபடியே, ஒருமுறைகூட எக்ஸெலில் திறந்து சேமிக்காமல், தனியே பாதுகாத்துவைப்பது கட்டாயம். தரவு வழங்கும் அலுவலகங்கள் கோப்போடு அதன் என்கோடிங்கையும் குறியெண்களையும் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டுமென்று வேண்டுகிறோம். ஏற்கெனவே வெளியான ஓர் அறிக்கையில் ஒரே ஊர் இரு வரிகளாகப் பிரிந்தோ, இரண்டு ஊர்கள் ஒன்றாகக் கலந்தோ இருப்பது தெரியவந்தால், எழுத்தை மட்டும் திருத்திய மறுபதிப்பை நாங்கள் ஏற்கமாட்டோம். அந்த அட்டவணையும் அதிலிருந்து பெறப்பட்ட சராசரிகளும் சதவீதங்களும் மூலக் கோப்பிலிருந்து மறுபடி கணக்கிடப்பட்டு, மாறிய எண்கள் எவையென்று குறிப்பிட்டு வெளியிடப்படவேண்டும்.